வாயுவிலேயே முடிவாகிவிடும் போரான்

போரானை உருக்கி ஊற்றிப் படலமாக்க முடியாது. அது உருகவே 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதனால் அதை ஒரு வாயுச் சேர்மமாக உலைக்குள் செலுத்தி, சூடான பரப்பின் மேல் உடைத்துப் படிய வைக்கிறார்கள். வேதி ஆவிப் படிவு என்பது இதுதான். சேர்மம் பரப்பைத் தொட்ட பிறகுதான் உடைகிறது என்று தோன்றும். உண்மையில் பரப்புக்கு மேலே உள்ள சூடான வாயுவிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. படலம் தேறுமா தேறாதா என்பதும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

மூலப்பொருள் ஒன்றும் புதிதல்ல. பொற்கொல்லர் பற்றவைக்கும்போது தூவும் வெங்காரம் போரானின் உப்புதான். ஒரு காலத்தில் திபெத்திய வெங்காரம் மலையிறங்கிக் கல்கத்தாவில் கப்பலேறி ஐரோப்பா போனது. இன்று உலகத் தேவையின் பெரும்பகுதி துருக்கியிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் வருகிறது.

இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான்-10. மெதுவாக வரும் நியூட்ரானை விழுங்கி, லித்தியமாகவும் ஆல்ஃபா துகளாகவும் பிளவுபடுவது அதன் குணம். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அயனிப் பரிமாற்ற முறையில் இதைச் செறிவூட்டக் கற்றது. அங்குள்ள 500 மெகாவாட் வேக ஈனுலையின் கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்குத் திட்டமிட்டது 65 சதவீதம் செறிவூட்டிய போரான் கார்பைடு. தண்டுக்குக் கெட்டி வில்லை போதும். நியூட்ரான் உணரிக்கோ ஓரிரு மைக்ரான் படலம்தான் வேண்டும்; தடித்தால் ஆல்ஃபா துகள் உள்ளேயே அடங்கிவிடும். அதுவரை நியூட்ரான் உணரிகளில் வழக்கமாகப் பயன்பட்ட ஹீலியம்-3 வாயுவுக்கு 2009 வாக்கில் தட்டுப்பாடு வந்தபோது இந்தப் படலங்களுக்குக் கிராக்கி கூடியது.

உணரியின் தகடு அலுமினியம். அது 660 டிகிரியில் உருகும். சிக்கலே அங்குதான். போரான் டிரைகுளோரைடும் ஹைட்ரஜனும் வினைபுரிந்தால் நல்ல போரான் கிடைக்கும். 1960களில் டங்ஸ்டன் கம்பி மேல் போரான் இழை வளர்த்தது அப்படித்தான். ஆனால் அதற்கு 1,000 டிகிரிக்கு மேல் வேண்டும், வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். டைபோரேன் குறைந்த வெப்பத்திலேயே உடையும். ஆனால் அது நச்சு வாயு, காற்றில் பற்றிக்கொள்ளும், உருளைக்குள் சும்மா இருக்கும்போதே மெல்லப் பெரிய போரேன்களாக மாறிவிடும்.

எஞ்சியவை கரிம போரான்கள். டிரைஎத்தில்போரானில் போரானோடு மூன்று எத்தில் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கார்பன். போரானுக்கு எலக்ட்ரான் பற்றாக்குறை. இரண்டாம் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் அதன் எட்டும் தூரத்தில் இருப்பதால் அதைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. எத்தில், எத்திலீனாகக் கழன்று போகிறது. அடுத்த எத்திலும் அதே வழி. இதற்கு ஆற்றல் அதிகம் தேவையில்லை. டிரைமெத்தில்போரானில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே கார்பன். அந்த இரண்டாம் கார்பனும் இல்லை, எட்டிப் பிடிக்க ஹைட்ரஜனும் இல்லை. மீத்தேனாகத்தான் கழல வேண்டும். அதற்கு வெப்பம் கூடுதலாக வேண்டும், கார்பனும் போரானை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கார்பன் வித்தியாசம்தான்.

சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டையும் உலையில் ஆராய்ந்தார்கள். உலை வாயுவின் நிறை நிறமாலையில் போரான் உள்ள மூலக்கூறுத் துண்டு இரட்டைக் கோடாக விழும், ஏறக்குறைய ஒன்றுக்கு நான்கு என்ற உயரத்தில். இரு ஐசோடோப்புகளின் கையெழுத்து அது. எத்திலீனைப் பிடிப்பதுதான் தொல்லை. அதன் நிறை 28. உலைக்குள் கசிந்த நைட்ரஜனின் நிறையும் 28. 26, 27இல் விழும் துணைக் கோடுகளைப் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும். கழன்ற எத்திலீனும் கடைசிவரை சாதுவாக இருப்பதில்லை. வெப்பம் ஏறினால் அதுவும் சிதைந்து படலத்தில் கார்பனைச் சேர்க்கும். அந்த அளவுக்குப் போரான் குறையும், நியூட்ரானும் தப்பும். டிரைமெத்தில்போரானை அலுமினியத்தின் மேல் பயன்படுத்த வேண்டுமென்றால் வெப்பத்துக்குப் பதில் பிளாஸ்மாவால் உடைக்க வேண்டும்.

இவ்வளவு ஆராய்ந்தும், சுவீடனில் கட்டப்படும் ஐரோப்பிய நியூட்ரான் மையத்தின் தகடுகளுக்கு லின்ஷோப்பிங்கில் பூசுவது, இந்த வேதியியலே தேவைப்படாத தெறிப்பு முறையில். திடப் போரான் கார்பைடை அயனிகளால் அடித்துத் தெறிக்க விடுவது அது. தட்டையான தகட்டுக்கு அது போதும், விரைவாகவும் முடியும். ஆனால் தெறிக்கும் அணு நேர்கோட்டில் போவதால் ஆழமான குறுகிய பள்ளங்களுக்குள் சரியாக இறங்காது. அத்தகைய பரப்புகளுக்கு, வளைந்து நுழையக்கூடிய வாயுதான் வேண்டும்.