சினைப்பையோடு நின்றுவிடாத நோய்

1935-ஆம் ஆண்டில் சிகாகோ நகர மகளிர்நோய் மருத்துவர்களான இர்விங் ஸ்டைனும் மைக்கேல் லெவென்தாலும், மாதவிலக்குத் தடைப்பட்டுச் சினைப்பைகள் பருத்திருந்த ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையே பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய்த்தொகுப்பை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அன்று சினைப்பையின் கோளாறாகக் கருதப்பட்ட இது, உடல் முழுவதன் வளர்சிதைமாற்றத்தையும் பாதிப்பது என்பது பின்னர் தெளிவாயிற்று.

பெரும்பாலோரிடம் இதற்கு அடிப்படையாக இருப்பது இன்சுலின் எதிர்ப்பு, அதாவது கணையம் சுரக்கும் இன்சுலினுக்கு உடலின் செல்கள் உரியவாறு செவிசாய்க்காத நிலை. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்க, அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, பெண்ணுடலில் சிறிதளவே இருக்கவேண்டிய ஆன்ட்ரோஜன் என்னும் ஆண்தன்மை ஹார்மோன்களைப் பெருக்குகிறது. இதனால் கருமுட்டைப் பைகள் முதிராமல் பாதியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் 'நீர்க்கட்டி' எனத் தெரிபவை இவையே என்பதால், அவற்றை அறுத்து அகற்றவேண்டும் என்று அஞ்சத் தேவையில்லை.

மாதவிலக்குச் சுழற்சி 35 நாட்களைத் தாண்டுவதும், ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வருவதும் முதன்மையான அறிகுறிகள். மோவாய், மேலுதடு, மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் தடித்த முடி வளர்வது, ஆறாத முகப்பரு, உச்சந்தலையில் முடி அடர்த்தி குறைவது ஆகியவை ஆன்ட்ரோஜன் மிகுதியைக் காட்டுகின்றன. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட் துணிபோலத் தடித்துவிடுவதை அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்கூட்டால் தேய்ப்போர் உண்டு. உண்மையில் அது இன்சுலின் எதிர்ப்பின் வெளிப்பாடு என்பதால், எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

2003-ஆம் ஆண்டின் ராட்டர்டாம் வரையறைப்படி, ஒழுங்கற்ற கருமுட்டை வெளியேற்றம், ஆன்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் காணும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு போன்ற பிற காரணங்கள் இல்லையென்று உறுதியானால் இந்நோய் எனக் கொள்ளப்படுகிறது. பூப்பெய்திய தொடக்க ஆண்டுகளில் இத்தகைய சினைப்பைத் தோற்றம் இயல்பாகவே காணப்படலாம் என்பதால், பதின்பருவப் பெண்களுக்கு ஸ்கேனை மட்டும் நம்பி முடிவுகட்டக் கூடாது.

நீண்டகாலப் பாதிப்புகளில் முதலிடம் இரண்டாம் வகை நீரிழிவுக்கு உரியது. கருவுற்ற காலத்தில் சர்க்கரை உயர்வதும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதோடு, உடல் மெலிந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். ரத்த அழுத்தம், கொழுப்புச் சீர்குலைவு, உறக்கத்தில் மூச்சுத்தடை, மனச்சோர்வு ஆகியவையும் பிறரைவிட மிகுதி. கருமுட்டை வெளியேறாதபோது புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரக்காமல் போவதால், ஈஸ்ட்ரோஜன் மட்டும் இடைவிடாது செயல்பட்டுக் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. இந்நிலை பல ஆண்டுகள் நீடித்தால் அங்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிலக்கு வராதிருப்பதை வலியில்லை என்பதற்காகப் பொருட்படுத்தாமல் விடுவது ஆபத்தானது.

உணவொழுங்கும் உடற்பயிற்சியும் சிகிச்சையின் அடித்தளம். உடல் எடை கூடியவர்கள் அதில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. குழந்தைப்பேற்றுக்கும் பயன்தரும் மருந்துகள் உள்ளன. ஆனால் குழந்தை பிறந்ததும் நோய் அகன்றுவிடுவதில்லை. 'கல்யாணமானால் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல், உரிய காலத்தில் மகளை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், அதன்பின் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றை ஒழுங்காகப் பரிசோதிக்கச் செய்வதும் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.