செயற்கை இதய வால்வு: ஓசை மங்கினால் காத்திருக்க வேண்டாம்

உலோக வால்வு பொருத்தப்பட்டவரின் அருகே இரவில் படுத்திருப்பவருக்குக் கடிகார ஓசை போன்ற மெல்லிய ஒலி கேட்பதுண்டு. வால்வின் தகடுகள் மூடும்போது எழும் ஒலி அது. "இரண்டு நாள்களாக அந்தச் சத்தம் கேட்கவில்லை, டாக்டர்" என்று கூறியபடியே ஓர் அம்மையார் தம் கணவரை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். கணவருக்கு மூச்சுத்திணறல். பல் பிடுங்குவதற்காக இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தியவர், அதை மீண்டும் தொடங்கவில்லை. உறைந்த இரத்தத்தால் வால்வின் தகடு ஒன்று அசையாமல் நிற்பது எக்கோ பரிசோதனையில் தெரிந்தது. உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தினோம். தகடு மீண்டும் இயங்கியது.

இம்மருந்து எல்லோருக்கும் பொருந்துவதில்லை. இரத்தக்கசிவும் பக்கவாதமும் நேரும் அபாயம் இதில் உண்டு. சிலருக்கு அவசர அறுவை சிகிச்சையே வழியாகும். ஆகவே, வராமல் தடுப்பதே மேல். உலோக வால்வு உள்ளவர்கள் வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் போன்ற மாத்திரையை உட்கொள்ள வேண்டும். ஐ.என்.ஆர். அளவு பொதுவாக மகாதமனி வால்வுக்கு 2 முதல் 3 வரையிலும், மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5 வரையிலும் இருக்க வேண்டும். உங்களுக்குரிய அளவை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார். அளவு குறைந்தால் இரத்தம் உறையும்; கூடினால் கசியும். கீரையை விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதும். வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ எங்களைக் கேளாமல் எடுக்க வேண்டாம். கருவுற விரும்பும் பெண்கள் அதற்கு முன்னரே ஆலோசனைக்கு வருதல் அவசியம். வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும், அதை நிறுத்தினாலோ வால்வில் இரத்தம் உறையும்.

விலங்கின் திசுவால் ஆன வால்வுகளுக்கு இம்மாத்திரை பெரும்பாலும் நீண்டகாலம் தேவைப்படாது. ஆனால், அவை 10 முதல் 15 ஆண்டுகளில் சுண்ணாம்பு படிந்து தேயலாம். இளவயதினரில் இன்னும் விரைவாகத் தேயும். அப்போது மறு அறுவை சிகிச்சை செய்கிறோம். அதைத் தாங்க இயலாத முதியவர்களில் தகுதியானோருக்கு, தொடை இரத்தக்குழாய் வழியாகப் பழைய வால்வுக்குள்ளேயே புதிய வால்வைப் பொருத்த இயலும்.

இருவகை வால்வுகளையும் கிருமிகள் தாக்கலாம். காய்ச்சல் வந்தால் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்க வேண்டாம்; கிருமியைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையை அது மறைத்துவிடும். உறுதியான வால்வுத் தொற்றுக்குப் பொதுவாக 6 வாரங்கள் ஊசி மருந்து தேவைப்படும். பல் சிகிச்சைக்கு முன் வால்வு இருப்பதைப் பல் மருத்துவரிடம் கூறுங்கள்.

புதிதாக மூச்சுத்திணறல், மயக்கம், கால் வீக்கம், காய்ச்சல், கருத்த சிறுநீர், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் தோன்றினாலோ, முன்பு கேட்ட ஓசை மங்கினாலோ அன்றே வாருங்கள். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.