அயோடின் தரும் சலுகை

கல்லீரல், கணையம், மண்ணீரல் போன்ற வயிற்று உறுப்புகள் எக்ஸ்-கதிரை ஏறத்தாழ ஒரே அளவில் உறிஞ்சுவதால், சி.டி. ஸ்கேன் படத்தில் அவை அதிகம் வேறுபடாத சாம்பல் நிறத்திலேயே தெரிகின்றன. இரத்தம் பாயும் இடங்களைப் பிரித்துக் காட்டுவதற்காகவே அயோடின் அடங்கிய மருந்து கைச் சிரை வழியாக ஏற்றப்படுகிறது. மருத்துவமனைகளில் ‘காண்ட்ராஸ்ட்’ என்று வழங்கும் இம்மருந்து உள்ளே சென்றதும் உடம்பெங்கும் சூடு பரவுவதை நோயாளி உணர்வதுண்டு.

வயிற்றையும் இடுப்பையும் ஒரு முறை படமெடுத்தால் உடல் பெறும் கதிர்வீச்சு பொதுவாக 8 முதல் 10 மில்லிசீவெர்ட் வரை இருக்கும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக மனிதர் பெறுவது, உலகச் சராசரியாக, ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட். தேவையான ஒரு ஸ்கேனுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், நாட்பட்ட நோய்க்காக மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுக்க நேரும் இளம் வயதினருக்கு இந்த அளவுகள் கூடிக்கொண்டே போகின்றன.

கதிரைக் குறைக்க எளிய வழி, எக்ஸ்-கதிர்க் குழாயின் மின்னோட்டத்தைக் குறைப்பது. ஆனால் கதிர் பாதியானால், ‘இரைச்சல்’ எனப்படும் புள்ளிப்புள்ளியான கரகரப்பு படத்தில் சுமார் 41 விழுக்காடு கூடிவிடும். கல்லீரலில் பரவிய சிறு புற்றுக்கட்டி அந்தக் கரகரப்பிலேயே மறைந்துபோகலாம். ஆகவே மின்னோட்டத்தைவிட மின்னழுத்தத்தில் கைவைப்பதே இங்கே கெட்டிக்காரத்தனம். அயோடின் அணுவின் உட்கூட்டு எலக்ட்ரான்களை வெளியேற்ற 33.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும்; அந்த ஆற்றலைச் சற்றே மிஞ்சும் கதிர்களை அயோடின் மிகுதியாக உறிஞ்சுகிறது. வழக்கமான 120 கிலோவோல்ட்டை 80 ஆக்கினால் கதிர்களின் சராசரி ஆற்றல் அந்த எல்லையை நெருங்குவதால், அதே அளவு மருந்து ஒன்றரை மடங்குக்கும் மேல் பளிச்சிடுகிறது. மின்னோட்டம் மாறாதிருக்க 100 கிலோவோல்ட்டுக்கு இறங்கினாலே கதிரளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இரைச்சல் சற்றுக் கூடினாலும், கட்டிக்கும் சுற்றுப்புறத் திசுவுக்குமான வேறுபாடும் கூடுவதால், மருத்துவர் தேடுவது கண்ணுக்குப் படுகிறது. பருமனான உடலுக்கு இந்தச் சலுகை கிடைப்பதில்லை: குறைந்த ஆற்றல் கதிர்கள் உடலைக் கடக்கத் திணறுகின்றன, அதை ஈடுகட்டும் அளவுக்குக் குழாயால் மின்னோட்டம் தரவும் முடிவதில்லை.

மிஞ்சிய இரைச்சலைக் கணினி கவனித்துக்கொள்கிறது. லண்டனில் 1971-இல் முதல் நோயாளியைப் படமெடுத்த, ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளரின் சி.டி. கருவியே, விடையைத் திரும்பத் திரும்பத் திருத்திப் படத்தை உருவாக்கும் கணக்கு முறையைத்தான் பயன்படுத்தியது. பின்னர் வந்த விரைவான முறைகள் அதைப் பல பத்தாண்டுகள் ஓரங்கட்டியிருந்தன. கணினி வேகம் கூடியதால் 2009 வாக்கில் அது மருத்துவமனைகளுக்குத் திரும்பியது. 2019-இல் செயற்கை நுண்ணறிவு வழியான முறைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் வழவழப்பான படம் நல்ல படமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. கதிரை மிகவும் குறைத்துவிட்டுக் கணினியால் மெருகேற்றினால், கண்ணுக்கு இதமாக இருக்கும் படத்தில் மங்கலான கட்டி காணாமல் போகக்கூடும். தேவையான தகவலே பதிவாகாதபோது எந்தக் கணக்காலும் அதை மீட்க முடியாது.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம், எடுக்காமல் விடும் படத்தில் இருக்கிறது. மருந்துக்கு முன் ஒன்று, தமனியில் மருந்து நிறையும்போது ஒன்று, கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் நிறையும் 70-ஆவது நொடி வாக்கில் ஒன்று, சில நிமிடம் கழித்து மற்றொன்று என ஒரே நோயாளிக்கு நான்கு சுற்றுகள் ஓடினால், கதிரும் ஏறத்தாழ நான்கு மடங்காகும். கல்லீரல் புற்றுநோய் ஐயத்துக்குப் பல சுற்றுகள் அவசியம். சாதாரண வயிற்றுவலிக்கோ பெரும்பாலும் அந்த 70-ஆவது நொடிப் படம் ஒன்றே போதும். மேசை உயரம்கூடக் கணக்கில் சேரும். முன்னோட்டப் படம் எடுக்கும்போது குழாய் மேலிருக்க, நோயாளி நடுமையத்தைவிடச் சில சென்டிமீட்டர் உயரத்தில் படுத்திருந்தால், அவர் உண்மையைவிடப் பருமனாகப் பதிவாகிறார். தானியங்கி அமைப்பும் அதை நம்பித் தேவைக்கு மேல் மின்னோட்டத்தைச் செலுத்திவிடுகிறது.