குழந்தையிடம் மரணத்தை எப்படிச் சொல்வது?

"அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்றே சொல்லி வைத்திருக்கிறோம், டாக்டர்." துக்க வீட்டிலிருந்து வருவோர் பலர் எங்களிடம் இவ்வாறு கூறுவதுண்டு. அன்பினால் சொல்லப்படும் பொய்தான். எனினும், வெளியூர் சென்றவர் திரும்புவார் என்று குழந்தை வாசலையே பார்த்திருக்கும். 'தூங்குகிறார்' என்றாலோ, உறங்கவே அஞ்சும். ஆகவே, 'அப்பா இறந்துவிட்டார். இனி வரமாட்டார்' என்று நெருங்கிய ஒருவர் அருகில் அமர்த்திக் கூறுவதே நன்று. சிறு குழந்தை மறுநாளும் அதே கேள்வியைக் கேட்கும். அதே விடையைச் சலிப்பின்றிச் சொல்லுங்கள். சற்று வளர்ந்த பிள்ளை, தன் குறும்பே காரணமோ என மருகலாம். கேட்காவிட்டாலும், 'உன்னால் அல்ல' என்று சொல்லிவிடுங்கள்.

அழுத குழந்தை அடுத்த நொடியே விளையாடினால் கடிந்துகொள்ள வேண்டா. துயரை அது அவ்வாறுதான் தாங்குகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், தமிழகக் கரையோரத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் வல்லுநர்கள் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி அளித்தனர். விளையாட்டு, ஓவியம், கதை ஆகியவற்றின் வழியே குழந்தைகளைப் பேசவைப்பது அதன் முக்கியப் பகுதி.

பதின்வயது மகனிடம், 'இனி நீதான் குடும்பத்தைத் தாங்க வேண்டும்' என்று உறவினர் சொல்வர். தயவுசெய்து சொல்லாதீர்கள். அவனும் அழ வேண்டியவனே.

கருமகாரியம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகே பல பிள்ளைகளின் துக்கம் வெளிப்படுகிறது. உறக்கமின்மை, பள்ளி செல்ல மறுத்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் எங்களிடம் அழைத்து வாருங்கள். 'நானும் அப்பாவிடம் போகிறேன்' என்றால் அன்றே வாருங்கள். இரவாயின், டெலி மனஸ் இலவச எண் 14416-ஐ அழையுங்கள்.