இயற்கை சிகிச்சைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



சில மாதங்களுக்கு முன் மருத்துவ உதவி கேட்டு ஒரு பெரியவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். 'மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை நிறுத்திவிட்டார். கால் எரிச்சலுக்கு தினமும் ராத்திரி வெந்நீரில் காலை வைத்திருக்கிறார். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்ததால் சூடு தெரியவில்லை. தோல் வெந்து புண்ணாகி, புண் ஆறாமல், கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது.

வெந்நீரில் கால் வைப்பது இயற்கை மருத்துவத்தில் உள்ள சிகிச்சைதான், அதில் தப்பில்லை. கால் மரத்துப்போன ஒருவர், அளவு பார்க்க ஆளில்லாமல், மாத்திரையையும் விட்டுவிட்டு அதைச் செய்ததுதான் தப்பு. களியக்காவிளை சுற்றுவட்டாரத்தில் இயற்கை சிகிச்சை, ஹிஜாமா, அக்குபஞ்சர் என்று தேடிப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறோம்.

இயற்கை மருத்துவம் என்பது எது?

லேகியம், கஷாயம், பொடி தருவது சித்தா, ஆயுர்வேதம், யுனானி. இயற்கை மருத்துவம் வேறு. அதில் மருந்து கிடையாது. தண்ணீர், மண், வெயில், உணவு, பட்டினி, மசாஜ், யோகா இவைதான் சிகிச்சை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் செபாஸ்டியன் நைப் போன்றவர்கள் தண்ணீர் சிகிச்சையைப் பரப்பினார்கள். இந்தியாவில் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் காந்தியடிகள். 1946இல் புனே அருகே உருளி காஞ்சனில் ஏழைகளுக்காக இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கினார்.

இன்று இது முறையான படிப்பு. பி.என்.ஒய்.எஸ். என்ற பட்டத்துக்கு நாலரை வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. நம் மாவட்டத்தில் குலசேகரத்திலும் ஒரு இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆகவே 'இயற்கை வைத்தியர்' என்று போர்டு வைத்திருப்பவரிடம் என்ன படித்திருக்கிறீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அங்கே என்ன செய்வார்கள்?

தண்ணீர் சிகிச்சை: இடுப்புக் குளியல், ஈரத்துணிக் கட்டு, நீராவிக் குளியல், வெந்நீரில் கால் வைப்பது ஆகியவை இதில் சேரும். மலச்சிக்கல், உடம்பு வலி, தூக்கமின்மை போன்றவற்றுக்குச் சிலருக்கு நல்ல சுகம் கிடைக்கும். இதய நோயாளிகள், கட்டுக்கு அடங்காத பிரஷர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் நீராவிப் பெட்டிக்குள் போகக்கூடாது. சர்க்கரை நோயாளி வெந்நீரில் கால் வைக்கும் முன் வீட்டில் வேறு ஒருவர் முழங்கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். கால் மரத்திருந்தால் வெந்நீரே வேண்டாம்.

மண் சிகிச்சை: மேல்மண்ணை நீக்கி ஆழத்திலிருந்து எடுத்த மண்ணை வெயிலில் உலர்த்தி, சலித்து, தண்ணீரில் குழைத்து வயிற்றிலோ கண்ணின் மேலோ இருபது முப்பது நிமிடம் வைப்பார்கள். குளிர்ச்சியும் ஓய்வும் கிடைக்கும். புண்ணிலும் வெடிப்பிலும் மண் படக்கூடாது.

மசாஜ்: தலைச்சுமை தூக்குகிறவர்களுக்கும், ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கும், நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்களுக்கும் இடுப்பு வலி, தோள் வலியில் ஆறுதல் தரும். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அதைத் தடவவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால், அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அக்குபஞ்சர்: முதுகு வலி, முழங்கால் தேய்மான வலிக்கு ஓரளவு பலன் தெரிகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வலி குறையுமே தவிர, தேய்ந்த எலும்பு வளராது. ஊசி ஒவ்வொருவருக்கும் புதியதாக இருக்க வேண்டும்.

ஹிஜாமா: நபி (ஸல்) அவர்கள் செய்துகொண்டதும் பரிந்துரைத்ததும் ஆன சிகிச்சை என்பதால் நம் மக்களுக்கு இதில் தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்புக்காகவே இதைச் சுத்தமாகச் செய்ய வேண்டும். கீறும் பிளேடு உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். கப்பும் புதியதாக இருக்க வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்தியதை மற்றவருக்குப் பயன்படுத்தினால் ஹெபடைட்டிஸ் பி, சி போன்ற நோய்கள் பரவும். ரத்தசோகை உள்ளவர்கள், இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் செய்துகொள்ளக்கூடாது.

உணவும் பட்டினியும்

இயற்கை மருத்துவத்தில் அதிகப் பலன் தருவதும், அதிகக் கவனம் வேண்டியதும் இதுதான். காலையில் புட்டு, மத்தியானம் சோறும் மரச்சீனியும், ராத்திரி பொரோட்டா, இடையில் நாலு சாயா என்று போகும் நம் சாப்பாட்டைத் திருத்தினாலே பலருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இறங்கும்.

பிரிட்டனில் 306 சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. 2017இல் முடிவு வெளிவந்தது. உணவை வெகுவாகக் குறைத்து எடையை இறக்கியவர்களில் 46 சதவீதம் பேருக்கு, ஒரு வருடம் கழித்து மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 4 சதவீதம் பேருக்கே அப்படி ஆனது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையை விட்டுவிடாதீர்கள். அவர்கள் எல்லாரும் நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள். யாரும் இன்சுலின் போட்டவர்கள் அல்ல. மாத்திரையை நிறுத்தியதும் மருத்துவக் குழுவின் மேற்பார்வையில்தான். மாத்திரையைக் குறைப்பது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் ரத்தம் சோதித்துப் பார்த்துக் குறைக்க வேண்டும், நம்பிக்கையை மட்டும் வைத்துக் குறைக்கக்கூடாது.

ரமலானில் முப்பது நோன்பு வைக்கிறோமே, கிளினிக்கில் பட்டினி இருப்பது என்ன பெரிய காரியம் என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. நோன்பில் மஃக்ரிபுக்குப் பிறகு சாப்பிடுகிறோம். அங்கே பல நாள் வெறும் தண்ணீரிலும் ஜூஸிலும் வைப்பார்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அப்போது சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். ரமலான் நோன்புக்கும் சரி, கிளினிக் பட்டினிக்கும் சரி, மருந்தின் அளவையும் நேரத்தையும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கிட்னி பாதித்தவர்களுக்கு இளநீரும் பழச்சாறும்கூட ஆபத்து. அவற்றில் உள்ள பொட்டாசியத்தைப் பழுதான கிட்னியால் வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

இன்னொன்று, நம் வீட்டு முற்றத்திலேயே காய்க்கும் பிலிம்பிப் புளி, அதாவது இரும்பன் புளி. கொழுப்பு குறையும் என்று இதன் பச்சைச் சாற்றைக் குடித்த 10 பேருக்குக் கிட்னி பழுதானதைக் கேரள டாக்டர்கள் 2013இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. அந்தக் காயிலுள்ள ஆக்சலேட் கிட்னியில் போய்ப் படிந்ததே காரணம். மீன் கறியில் ஒன்றிரண்டு போடுவது வேறு, கிளாஸ் கணக்கில் குடிப்பது வேறு. 'இயற்கைதானே, என்ன செய்யும்?' என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

எதற்கு இயற்கை சிகிச்சைக்காகக் காத்திருக்கக்கூடாது?

நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பாம்புக்கடி, மூச்சுத்திணறல் இவற்றுக்கு உடனே 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புற்றுநோய்க்கு ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பட்டினியிலும் பச்சிலையிலும் கழியும் ஒவ்வொரு மாதமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும். காசநோய், வலிப்பு மாத்திரைகளையும் இன்சுலினையும் எவர் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சின்ன வயதிலேயே வரும் சர்க்கரைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகலாம்.

'சர்க்கரை அடியோடு போகும், கேன்சர் குணமாகும்' என்று விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம், வலிப்பு உட்பட 54 நோய்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட நோட்டீஸைப் பார்த்தால், அந்த இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

போகும்போது என்ன செய்ய வேண்டும்?

சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். எத்தனை நாள், எவ்வளவு செலவு, பலன் தெரியாவிட்டால் அடுத்து என்ன என்று முதல் நாளே கேளுங்கள். 'இங்கிலீஷ் மருந்தை முதலில் தூக்கிப் போடுங்கள்' என்று சொல்பவரிடம் நிற்காதீர்கள். நல்ல இயற்கை மருத்துவர் உங்கள் டாக்டரோடு சேர்ந்து வேலை செய்வார்.

காசு இல்லை என்று மாத்திரையை விடுபவர்களும் உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இலவசமாக வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகளும் இயங்குகின்றன. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது அதையும் விசாரியுங்கள். பணம் கொடுத்துத்தான் இந்தச் சிகிச்சையைப் பெற வேண்டும் என்பதில்லை.

விரல்களை இழந்த அந்தப் பெரியவர் இப்போது மாத்திரையும் சாப்பிடுகிறார், பொரோட்டாவையும் விட்டுவிட்டார், தினமும் காலையில் நடக்கிறார். இரண்டையும் சேர்த்துச் செய்திருந்தால் விரல் போயிருக்காது என்று அவரே சொல்கிறார். நம் வீடுகளில் உள்ள வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் உடல்நலத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.