உங்களுக்குத் தெரியுமா? தாலி இல்லாவிட்டாலும் தகப்பன் தகப்பன்தான்!

கல்யாணம் ஆகாத ஜோடிக்குக் குழந்தை பிறந்தால், ‘அப்பா யார்?’ என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது?

● பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கப் பெற்றோரின் திருமணச் சான்றிதழ் தேவையில்லை. முறைப்படி மணமுடித்தவர்களுக்குப் பிறந்தாலும் இல்லாவிட்டாலும், மைனர் பிள்ளையைக் காப்பாற்றுவது தகப்பன் கடமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு சொன்னதும் இதுதான். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவு சொல்வதும் இதுதான்.

● இந்த ஜீவனாம்சத்துக்கு ஒரு காலத்தில் மாதம் 500 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது. 2001-இல் அதை எடுத்துவிட்டார்கள். உத்தரவிட்ட பிறகும் பணம் கட்டாமல் இழுத்தடித்தால் ஜெயில்தான்.

● “இது என் பிள்ளையே இல்லை” என்று ஆள் கைவிரித்தால்? டி.என்.ஏ. சோதனை இருக்கிறது. ஆனால், கேட்டவுடன் உத்தரவு கிடைக்காது. கௌதம் குண்டு வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் போட்ட கடிவாளம் அது. வலுவான முகாந்திரம் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரி படிவத்தில் போட்ட கையெழுத்து, பள்ளிக்கூட விண்ணப்பம், பணம் அனுப்பிய ரசீது எல்லாமே கைகொடுக்கும். உத்தரவு வந்த பிறகும் மாதிரி கொடுக்க மறுத்தால், அந்த மறுப்பையே நீதிபதி அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

● சோதனைக்கு ஊசி குத்தித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தாலே போதும். பிள்ளையின் மரபணுவில் பாதி தாய் கொடுத்தது. மீதிப் பாதி அந்த மனிதரோடு பொருந்துகிறதா என்று பல இடங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

● நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது என்.டி. திவாரி வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் மூன்று முறை முதல்வராக இருந்தவர். ‘இவர்தான் என் தந்தை’ என்று ரோஹித் சேகர் 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 86 வயதில் ரத்த மாதிரி கொடுத்தார் திவாரி. ஹைதராபாத் ஆய்வகத்தின் அறிக்கை 2012 ஜூலையில் வெளியானது. மகன் சொன்னதே உண்மை! 2014-இல் மகனை ஏற்றுக்கொண்ட திவாரி, அதே ஆண்டு ரோஹித்தின் தாயை மணந்தார்.

● பிள்ளையைப் பெற்றவள் வேறொருவரின் மனைவி என்றால், சட்டத்தின் பார்வையில் அந்தக் கணவர்தான் அப்பா. மண உறவு முறிந்து, அவள் மறுமணம் செய்யாமல் இருந்தால், 280 நாளுக்குள் பிறக்கும் பிள்ளைக்கும் இதுவே விதி. கருத்தரித்த காலத்தில் கணவன் மனைவி கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் விலக்கு. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, புதிய சாட்சியச் சட்டத்திலும் மாறவில்லை.

● அப்பா பெயர் இல்லாமலும் பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம். மணமாகாத தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

● இந்துச் சட்டத்தில் ஒரு விநோதம். மணமான பெற்றோரின் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் வரிசையில் அப்பா முதலில், அம்மா பிறகு. மணமாகாதவர்களின் பிள்ளைக்கு அம்மா முதலில், அப்பா பிறகு!

● சோறு போடும் சட்டம் சொத்து என்று வந்தால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். திருமணமே நடக்கவில்லை என்றால், இந்து வாரிசுச் சட்டப்படி பிள்ளையின் வாரிசு உறவு தாய்வழியில்தான். ஆனால், நெடுங்காலம் கணவன் மனைவியாகவே வாழ்ந்தவர்களை மணமானவர்களாகவே கருதலாம் என்று 2022-இல் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைக்குப் பங்கு கொடுத்தது. சுயசம்பாத்தியத்தை உயில் எழுதிவைக்க எந்தத் தடையும் இல்லை.

● வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.