காகம் அடிபம்பில் குடித்தால் மதிப்பெண் கிடையாது

காகம் – தாகம் – ஜாடி – அடியில் கொஞ்சம் தண்ணீர் – கூழாங்கற்கள் – தண்ணீர் மேலே வந்தது – நீதி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் படித்தவர்களுக்கு இந்தக் கோடுகள் மறந்திருக்காது. 'குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள். கோட்டுக்குக் கோடு 'பறந்தது', 'பார்த்தது', 'போட்டது' என்று நிரப்பி, கடைசியில் நீதிக்கு அடிக்கோடு இட்டால் வேலை முடிந்தது. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது நோட்டிலும் ஒரே காகம்தான். திருத்துகிறவருக்கு அதில் ஒரு சௌகரியமும் இருந்தது.

தெருக் காகம் அடிபம்புக்குக் கீழே தேங்கிய தண்ணீரைக் குடிப்பதைத் தினமும் பார்க்கிற பிள்ளை, அதை எழுதினால் மதிப்பெண் கிடையாது. ஜாடி எங்கே, கல் எங்கே என்று சிவப்பு மையில் கேள்வி வரும். உண்மையில் அங்கே நடந்தது வாக்கியப் பயிற்சி. அதற்குக் கதை என்று பெயர் வைத்திருந்தோம், அவ்வளவுதான். அந்த ஆசிரியர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒரே ஆளாக ஐந்து வகுப்பையும் கட்டி மேய்த்தவர்களுக்குப் பிழையில்லாமல் பத்து வரி எழுத வைப்பதே பெரும்பாடு.

பிள்ளைகளுக்குக் கதை நிறையவே கிடைத்தது, படிக்கவும் கேட்கவும். 1947-இல் சிறுவர் இதழான அம்புலிமாமா வந்தது. 1950-இல் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் முயற்சியில் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானது. பெயரில் குழந்தை இருந்தாலும் எழுதியவர்கள் பெரியவர்களே. குழந்தையும் எழுதலாம் என்று பள்ளிக்கூடத்துக்குத் தோன்ற இன்னும் வெகுகாலம் ஆயிற்று.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற கற்பித்தல் முறை தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. அதன் பாட அட்டைகள், கற்றல் ஏணிப்படிகள் பற்றி ஆயிரம் விவாதம் நடந்தது. என்னைக் கேட்டால், அதில் பெரிய விஷயம் இரண்டு. பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை வந்தது; எழுதியதைத் தொங்கவிட வகுப்பின் குறுக்கே கம்பிப்பந்தல் வந்தது. அதுவரை பிள்ளை எழுதியதை ஆசிரியர் ஒருவர்தான் படித்தார். அதன் பிறகு பக்கத்தில் இருந்தவனும் அண்ணாந்து பார்த்துப் படித்தான். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. அரசின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நிலைவாரியாகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தது. பள்ளிக்கல்வித் துறையின் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களில் மாணவர் படைப்புகளும் அச்சாகின்றன.

திட்டங்களை விடுங்கள். மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் விஷயம் தெரிந்த ஒரு மூன்றாம் வகுப்பு ஆசிரியை கதை எழுத வைக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். நோட்டை எடுக்கச் சொல்லமாட்டார்.

"பூன செவுத்துல ஏறுச்சு மிஸ்."

"எதுக்குடா ஏறுச்சு?"

"நாயி தொரத்துச்சு."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்?' தவிர அவர் கையில் பெரிய கருவி ஏதும் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே பலகையில் எழுதுகிறார். தன் வாயிலிருந்து வந்தது எழுத்தாகி நிற்பதைப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. அதன் பிறகுதான் நோட்டு.

தமிழில் சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. பிள்ளைக்குக் கதை வருவது 'ஏறுச்சு' என்று. புத்தகம் கேட்பது 'ஏறியது' என்று. எடுத்த எடுப்பிலேயே 'ஏறியது' என்று திருத்தினால் பூனை செத்துவிடும். பிள்ளை அடுத்த வரியை யோசிக்காமல் ஆசிரியர் முகத்தைப் பார்க்கும். இதற்கு அனுபவசாலிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கதையில் வருகிறவர்கள் பேசட்டும், பேச்சை மட்டும் நீ பேசுவது போலவே எழுது என்பார்கள். நாயும் பூனையும் வீட்டுத் தமிழில் சண்டை போட, நடுவில் வரும் வரிகள் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துத் தமிழுக்குப் பழகுகின்றன. ரகரம், றகரம் எல்லாம் இரண்டாம் முறை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லமாட்டேன். பயிற்சித்தாளில் நான்கு கட்டப் படம், கட்டத்துக்கு ஒரு வரி என்பதெல்லாம் பழைய குறிப்புக் கதைதான். கோட்டுக்குப் பதில் வண்ணப்படம். போட்டிக்கு வரும் கதைகளில் சிலவற்றை அம்மாவோ அப்பாவோ எழுதியிருப்பார்கள். இப்போது சாட்ஜிபிடியும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. எட்டு வயசுப் பிள்ளை 'விடாமுயற்சி' என்று கதைக்குத் தலைப்பு வைத்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நேரமும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து 'அப்புறம்?' கேட்க, இரண்டு ஆசிரியர் மட்டும் உள்ள பள்ளியில் யாரால் முடியும்? மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றவே பொழுது சரியாகிவிடுகிறது என்கிறார்கள். அதனால் நாலாம் வகுப்பை எழுத்தராக உட்கார வைப்பதுண்டு: ஒன்றாம் வகுப்பு சொல்லும், நாலாம் வகுப்பு எழுதும். எழுதுகிறவன் சும்மா இருப்பானா? நடுவில் தன் பங்குக்கு ஒரு பேயை நுழைத்துவிடுவான். படித்துக் காட்டும்போது குட்டு வெளிப்படும். "என் கதையில பேயே கெடையாது மிஸ், இவனே எழுதிக்கிட்டான்" என்று பஞ்சாயத்து ஆசிரியை மேசைக்கு வரும்.